சிங்கம் இல்லாத வீடு

“இது ஒன்னும் செய்யல மேடம்,” என்றாள் இசக்கியம்மாள்.

“எது?”

“என் புரதம்.”

வைரஸ் ஆய்வுக்கூடத்தை ஒட்டிய சின்ன அறை. சனிக்கிழமை மத்தியானம். பழைய ஆய்வு வழிகாட்டி ஓய்வு பெற்றுப் போய், அந்த நாற்காலிக்கு லூர்து மேடம் வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. இசக்கி அவருக்கு வாய்த்த முதல் மாணவி. அவள் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆளும் அவள்தான்.

“முதல்லேர்ந்து சொல்லு. எனக்கு ஒன்னும் தெரியாதுன்னு வச்சுக்கோ.”

இசக்கி மூச்சை இழுத்துக்கொண்டாள்.

“வைரஸோட உடம்புலயே சில புரதம் இருக்கு. மேல போட்டுக்கிற சட்டை மாதிரி. செல்லை விட்டுக் கிளம்பும்போது அதையும் போட்டுக்கிட்டுத்தான் போகும்.”

“சரி.”

“இன்னும் சிலது வைரஸோட உடம்புல கிடையாது. செல்லுக்குள்ள நுழைஞ்ச அப்புறம்தான் உண்டாகும். வைரஸை நகல் எடுக்குறது, அதுக்கு உள்ளயே இடம் பண்ணிக் குடுக்குறது, எல்லாம் அதுங்க வேலை. வேலை முடிஞ்சா செல்லோடயே கிடந்துடும். வெளிய வராது.”

“உன்னோடது அதுல ஒன்னு.”

“ஆமா மேடம். வைரஸ் நுழைஞ்சா செல்லு கூச்சல் போட்டு அக்கம்பக்கத்துச் செல்லை எல்லாம் உஷார் பண்ணும்ல? அந்த வாயை அடைக்கிறது இதுதான்னு நினைச்சோம். அதனால இது மட்டும் இல்லாத வைரஸ் ஒன்னு செஞ்சேன். ஒன்றரை வருஷம் ஆச்சு. இது இல்லைன்னா வைரஸ் திணறணும்.”

“திணறலையா?”

“அது இருக்குற வைரஸ், இல்லாத வைரஸ், ரெண்டும் ஒரே மாதிரி வளருது. திரும்பத் திரும்பப் பாத்துட்டேன்.”

“எந்தச் செல்லுல வளத்த?”

“எல்லாரும் வளக்குறதுலதான் மேடம். குரங்குச் சிறுநீரகச் செல்லு. எந்த வைரஸை விட்டாலும் ஜம்முன்னு வளரும்.”

மேடம் சன்னல் வழியே பார்த்தார். எதிரே விடுதி வார்டன் வீட்டு வாசலிலிருந்து ஒரு ஆட்டோ கிளம்பிப் போனது.

திங்கட்கிழமை ஆய்வுக் குழு கூடுகிறது. காட்ட ஒன்றும் இல்லையென்றால் ஆய்வை இத்தோடு நிறுத்தச் சொல்லிவிடுவார்கள். இசக்கிக்கு நாலு நாளாகச் சோறு இறங்கவில்லை.

“சீனியர் ஒருத்தர் சொன்னாரு, செல்லு வளத்த தட்டுல ரெண்டைக் கணக்குல சேக்காம விட்டா வித்தியாசம் வந்துடும்னு.”

“விட்டியா?”

“இல்ல மேடம். கை கூசுது.”

“அப்ப என்ன எழுதப் போற?”

“‘இந்தப் புரதத்துக்குத் தொற்றில் பங்கு இல்லை.’ எழுதிக் குடுத்துட்டு ஊருக்குப் போறேன்.”

லூர்து மேடம் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு பிஸ்கட் பாக்கெட்டை எடுத்து நீட்டினார்.

“வார்டன் வீட்டுப் பின்னால முருங்கை மரம் இருக்குல்ல? நாலு காய் திருடிட்டு வா.”

“திருடணுமா?”

“ஆமா.”

“கேட்டா வார்டன் சாரே குடுப்பாரு மேடம்.”

“கேட்டு வாங்குனா அது திருட்டா?”

“இந்த பிஸ்கட் எதுக்கு?”

“சிங்கத்துக்கு.”

சிங்கம், வார்டன் வீட்டு நாய். முழங்கால் உயரம்தான். ஆனால் அது குரைக்கத் தொடங்கினால் அந்த வரிசையில் இருக்கும் அத்தனை வீட்டுச் சன்னலும் திறக்கும்.

இசக்கி துப்பட்டாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு போனாள்.

சீக்கிரமே திரும்பி வந்தாள். நாலு முருங்கைக்காயை மேசைமேல் வைத்தாள். பக்கத்தில் பிஸ்கட் பாக்கெட்டையும் வைத்தாள். அது பிரிக்கப்படவில்லை.

“யாராவது பாத்தாங்களா?”

“இல்ல மேடம். ஒரு சன்னல்கூடத் திறக்கல.”

“பிஸ்கட் போடலையா?”

“தேவைப்படல.”

மேடம் ஒரு வெள்ளைத் தாளை அவள் பக்கம் தள்ளினார். பேனாவின் மூடியைக் கழற்றிக் கொடுத்தார்.

“எழுது. ‘முருங்கைக்காய்த் திருட்டில் பிஸ்கட்டுக்குப் பங்கு இல்லை.’”

இசக்கிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“அதெப்படி மேடம் எழுத முடியும்? சிங்கத்தை ஊசி போடக் கூட்டிட்டுப் போயிருக்காங்கன்னு விடுதி வாசல்ல வாட்ச்மேன் சொன்னாரு. வீட்டுல நாயே இல்ல.”

“அதனால என்ன? பிஸ்கட்டோட போனாலும் நாலு காய். வெறுங்கையோட போயிருந்தாலும் நாலு காய். ரெண்டும் ஒன்னுதானே?”

“ஒன்னுதான். ஆனா நாய்...”

பேனா தாளைத் தொடாமல் நின்றது.

இசக்கி அதைக் கீழே வைத்தாள்.

“மேடம்.”

“ம்.”

“நம்ம குரங்குச் செல்லுக்குக் கூச்சல் போடத் தெரியாது.”

மேடம் முருங்கைக்காய்களை ஓரமாக நகர்த்தி வைத்தார்.

“அதுக்கு வேண்டிய மரபணுவே அதுல கிடையாது. எம்.எஸ்சி. பரீட்சையில நானே எழுதியிருக்கேன். அதனாலதான் எதை விட்டாலும் வளருது.”

அவள் முகம் வெளுத்துப்போனது.

“ஒன்றரை வருஷமா சிங்கம் இல்லாத வீட்டுலயே திருடிட்டு இருந்திருக்கேன்.”

“நீ செஞ்ச வைரஸ் எங்க?”

“ஃப்ரீசர்ல பத்திரமா இருக்கு.”

“அப்புறம் என்ன? திங்கட்கிழமை என்ன சொல்லுவ?”

இசக்கி முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“நடந்ததைச் சொல்லுவேன். செல்லைத் தப்பா எடுத்துட்டேன்னு. மனுஷ நுரையீரல் செல்லுல மறுபடி பண்றேன்னு. அது கூச்சல் போடும்.”

“சிரிப்பாங்க.”

“சிரிக்கட்டும்.”

“முடியாதுன்னுட்டா?”

“செவ்வாய்க்கிழமை போய்த் திரும்பக் கேப்பேன்.”

வெளியே ஒரு ஆட்டோ வந்து நின்றது. ஊசி போட்ட கோபத்தில் சிங்கம் குரைக்கத் தொடங்கியது. ஒரு சன்னல் திறந்தது. இன்னொன்றும் திறந்தது.

மேடம் முருங்கைக்காய்களைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

“சாம்பாருக்குப் பத்தாது. இன்னும் நாலு வேணும்.”

இசக்கி எழுந்தாள். துப்பட்டாவை மறுபடி இறுக்கிக் கட்டினாள். கதவுவரை போய்விட்டாள்.

“பிஸ்கட்டை விட்டுட்டுப் போறியே.”

“முதல்ல அது இல்லாமப் போறேன். அடுத்த தடவை அதோட.”

“மாட்டிக்குவ.”

“மாட்டணும், மேடம்.”