ஓடுற ஜீப்பில் கிங் பின் மாற்றிய கார்மேகம்

அற்புதமேரியின் ஜீப் நாற்பது வரைக்கும் சாதுவாகப் போகும். நாற்பத்தைந்தைத் தொட்டு, ரோட்டில் ஒரு சின்னப் பள்ளமும் கிடைத்துவிட்டால், முன்சக்கரம் இரண்டும் படபடவென்று அடித்துக்கொள்ளும். ஸ்டியரிங் அவள் கையை உதறிவிட்டுத் தானாக ஆடும். வண்டியை நிறுத்தினால்தான் அடங்கும்.

மழையில் எஸ்டேட் பாதை அரித்துப் போனதால், கல்லில் வயிறு தட்டாமல் இருக்கட்டும் என்று போன வாரம்தான் ஒரு பட்டறையில் வண்டியை நாலு அங்குலம் தூக்கிக் கட்டியிருந்தாள். அன்றைக்குப் பிடித்த ஆட்டம். தினமும் அவள் வண்டியில் ஏலத்தோட்டத்து வேலைக்குப் போகும் பதினோரு பெண்களும் கூடிப் பேசி, "திங்கக்கிழமைக்குள்ள சரியாகலைன்னா நாங்க வேற வண்டி பாத்துக்கிறோம்" என்று சொல்லிவிட்டார்கள்.

சனிக்கிழமை காலையில் போடியில் கார்மேகத்தின் பட்டறைக்கு வந்தாள். வேலை தெரிந்த ஆள்தான், வாயை மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். பெஞ்சில் பஸ் டிரைவராக இருந்து ரிட்டையரான சுருளிவேல் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

கார்மேகம் வண்டிக்கு அடியில் நுழைந்தான். "தங்கச்சி, ஸ்டியரிங்க இப்படியும் அப்படியும் ஆட்டு. எந்த ஜாயிண்டு லூசுன்னு பாப்போம்."

அவள் ஆட்டினாள்.

"சக்கரத்தத் திருப்புற டை ராடு நல்லாருக்கு. இதெல்லாம் ஒரு ஆட்டமா? மலைக்கு மேல ஒரு ஏலக்கா மொதலாளி ஜீப்பு வச்சிருந்தாரு. அதுல கேன்ல பால் ஏத்தி எறக்குவாரு. அஞ்சாவது வளைவுல மோராயிரும். பத்தாவது வளைவுல வெண்ணெ. போடி வந்து மூடியத் தொறந்தா நெய்யி."

"அடுப்பு யாருப்பா மூட்டுனது?" என்றார் சுருளிவேல், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"இஞ்சின் சூடு எதுக்கு மாமா இருக்கு? தங்கச்சி, வலது பக்கம் முழுசா ஒடிச்சுத் திருப்பு. அந்த ஜீப்பு டிரைவருக்கு எடது கன்னத்துல ஒரு மரு. ஆறு மாசம் ஓட்டுனான், மரு வலது கன்னத்துக்கு வந்துருச்சு. லைசென்சு போட்டாவுல இருக்கிறது வேற ஆளுன்னு செக்போஸ்ட்டுல உக்கார வச்சுட்டாங்க."

அற்புதமேரிக்கு எரிச்சலாக வந்தது. "அண்ணே, திங்கக்கிழமை எனக்கு வண்டி வேணும்."

"வேலையும்தான நடக்குது? அந்த ஆட்டம் வண்டியோட நிக்கல, ரோட்டுக்கு எறங்கிருச்சு. மலையேறுற மெட்டு ரோட்டுல பதினேழு வளைவுல்ல? அந்த வருசம் பத்தொம்பது. ரோடு நெளிஞ்சதுல ரெண்டு கூடிருச்சு."

"இருபத்தாறு வருசம் நான் பஸ் ஓட்டுன ரோடுப்பா அது."

"நீங்க ரிட்டையரான பெறகு மாமா. இப்ப நிமித்திட்டாங்க."

சுருளிவேல் பேப்பரை மடித்து வைத்துவிட்டார். இனி அதில் படிக்க ஒன்றும் இல்லை என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"ஆட்டம் ரோட்டுல இருந்து மலைக்கு ஏறிருச்சு. ஏலச்செடிக்கு அடியில சாக்க விரிச்சுட்டு ஜீப்ப ஒரு தடவ ஓட்டுனாப் போதும், காயி தானா உதிரும். பெருசு ஒரு சாக்குல, பொடி ஒரு சாக்குலன்னு தரம் பிரிஞ்சே விழும்."

"அப்ப காய் எடுக்கிற பொம்பளைக என்ன பண்ணுவாக?" என்று அற்புதமேரி கேட்டுவிட்டாள். கேட்டிருக்கக் கூடாது என்று உடனே தெரிந்தது.

"அதச் சொல்லு. அவுக பொழப்பு போச்சுன்னுதான் என்னயத் தேடி வந்தாக. போய்ப் பாத்தேன். நிக்கிற வண்டியில ஒரு குத்தமும் இல்ல. ஓடுறப்பதான் ஆடுது, அப்ப ஓடுறப்பதான பாக்கணும்? மெட்டு உச்சியில வண்டிக்கு அடியில மல்லாக்கப் படுத்து, முன்ஆக்சில ஒத்தக் கையில பிடிச்சுத் தொங்கிக்கிட்டேன். முதுகுக்கும் ரோட்டுக்கும் ரெண்டு விரக்கட. அறுபதுல விடுறான்னேன். பாத்தா, சக்கரம் திரும்புற எடத்துல கிங் பின் தேஞ்சு கெடக்கு. வீலக் கழட்டி, புதுசு மாத்திட்டேன்."

"ஓடுறப்பவா?"

"நிப்பாட்டுனா ஆட்டம் நின்னுரும்ல மாமா. பெறகு எங்கிட்டுத் தேட?"

"சக்கரத்தக் கழட்டுனா வண்டி எப்படிப்பா ஓடும்?"

"ஒண்ணத்தான கழட்டுனேன். மிச்சம் மூணு ஓடுதுல்ல."

அதற்கப்புறம் வண்டிக்கு அடியில் பேச்சு நின்றுவிட்டது. அற்புதமேரிக்கு அதுவரை இல்லாத பயம் அப்போதுதான் வந்தது. இவன் வாயே அடைத்துவிட்டதென்றால் கோளாறு பெரியது.

கார்மேகம் வெளியே வந்து கையைத் துடைத்தான். "தூக்கிக் கட்டுனவன் அளவு பாக்கல தங்கச்சி. ஒசத்துனதுல முன்ஆக்சிலோட சாய்மானம் போயிருச்சு. சைக்கிளுக்கு முன்கம்பி சாஞ்சு இருக்கிறதுனாலதான் கைய விட்டாலும் நேரா போகுது. அத நிமித்தி வச்சா ஒதறும். உன் வண்டிக்கும் அதுதான். ஸ்பிரிங் பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவுல ரெண்டு பக்கமும் இரும்பு ஆப்பு வச்சாச் சரியாயிரும்."

மூன்று மணி நேரம் வேலை பார்த்தான். ஆப்பைத் தேய்ப்பான், வைத்து அளப்பான், எடுத்து மறுபடி தேய்ப்பான். அத்தனை நேரமும் ஒரு பொய்கூட அவன் வாயிலிருந்து வரவில்லை. சுருளிவேல் பெஞ்சிலேயே தூங்கிவிட்டார்.

ஓட்டிப் பார்க்க மூன்று பேரும் கிளம்பினார்கள். மலையடிவாரத்துக்குப் போகும் முந்தல் ரோட்டில் நாற்பத்தைந்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ஒன்றும் இல்லை. ஐம்பதில் வேண்டுமென்றே ஒரு பள்ளத்தில் இறக்கினாள். சக்கரம் ஒரு தடவை குதித்துவிட்டு நேராகப் போனது. அறுபதிலும் அப்படியே. ஒரு வாரமாக இறுகிக் கிடந்த விரல்களை ஒவ்வொன்றாகத் தளர்த்தினாள். பதினோரு பேரையும் மனசுக்குள்ளேயே ஏற்றி உட்கார வைத்துவிட்டாள். அந்தச் சந்தோஷத்தில் வண்டியை அப்படியே மலையில் ஏற்றினாள்.

முதல் வளைவு தாண்டியது. கார்மேகம் மறுபடி பேச்சை நிறுத்தியிருந்தான். இரண்டாவது வளைவில், "தங்கச்சி, கொஞ்சம் ஓரங்கட்டு" என்றான். நிற்பதற்குள் குதித்து இறங்கி, தடுப்புச் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து வாந்தி எடுத்தான்.

அற்புதமேரி தண்ணீர் பாட்டிலோடு ஓடினாள். "என்னண்ணே செய்யுது?"

"ஒண்ணுமில்ல தாயி. மலை ரோடு எனக்கு ஒத்துக்கிறாது. சின்ன வயசுல இருந்து இந்த வளைவுக்கு மேல நான் போனதில்ல."

சுருளிவேல் ஜீப்பை விட்டு நிதானமாக இறங்கி வந்தார். "அப்ப உச்சியில இருந்து அடியில தொங்கிக்கிட்டு வந்தது யாருப்பா?"

கார்மேகம் வாயைக் கொப்புளித்துத் துப்பினான். "நாந்தான் மாமா. சீட்டுல உக்காந்தாத்தான் கொமட்டும். அடியில தொங்குனா நல்ல காத்தோட்டம்."