ராஜதுரை பேர் போட்ட மோதிரம்

“ஒரு மோதிரத்த விக்கணும். பயமா இருக்கு” என்றாள் வடிவு.

வேலம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“மோதிரம் கடிக்குமா?”

வடிவுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஞானி என்றால் தாடியும் காவியும் இருக்கும் என்று நம்பி வருகிறவர்கள் வேலம்மாவைப் பார்த்ததும் ஏமாந்துபோவார்கள். மலையடிவாரத்தில், பஸ் போகிற ரோட்டை ஒட்டி ஒரு ஓட்டு வீடு. பூப்போட்ட நைந்த சேலை. வயதுகூட வடிவைவிட மூன்று குறைவு. ஆனாலும் ஆட்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். அங்கன்வாடியில் வேலை பார்க்கும் வடிவும் ஒரு வருஷமாக ஞாயிறுதோறும் வருகிறாள். மோதிரத்தைப் பற்றி இன்றைக்குத்தான் வாயைத் திறந்தாள்.

“யாரு போட்ட மோதிரம்?”

“ராஜதுரைன்னு ஒருத்தன். நிச்சயதார்த்தத்துக்குப் போட்டது. பத்தே நாள்ல கைய நீட்டிட்டான். போன்ல யார்கூடப் பேசுதன்னு கேட்டு அறைஞ்சான். இந்தக் கல்யாணமே வேண்டாம்னுட்டேன்.”

“சரி.”

“பெரியவங்க முன்னால தட்டத் திருப்பிக் குடுத்தாச்சும்மா. சேலைய வாங்கிக்கிட்டான். பழத்தட்டக்கூட விடல. மோதிரத்த மட்டும் வாங்க மாட்டேன்னுட்டான்.”

“என்ன சொன்னான்?”

“‘அது உங்கிட்டயே இருக்கட்டும். என்னைக்கு விக்கியோ, அன்னைக்கு வந்து நிப்பேன்’னான்.”

வேலம்மா ஒரு கல்லை எடுத்து வாசலில் எறிந்தாள்.

“மூணு தடவ கடைவீதிக்குப் போனேன். பழைய நகைன்னா கண்ணு முன்னால உருக்கித்தான் எடுத்துக்கிடுதாங்க. உருகிட்டா அவன் பேரும் போயிரும்னு ஒரு ஆசை. உள்பக்கம் அவன் பேர வெட்டியிருக்கு. முதல் தடவ கடைக்காரர் அதப் பாத்துட்டு ‘ராஜதுரை யாரும்மா?’ன்னு கேட்டார். மோதிரத்தப் பறிச்சுக்கிட்டு ஓடி வந்துட்டேன். அடுத்த ரெண்டு தடவ கடைப் படியே ஏறல.”

“இப்ப எங்க?”

வடிவு முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே ஒரு கைக்குட்டை. அதற்குள் மடித்த காகிதம். அதற்குள் மோதிரம்.

“எங்கிட்ட குடு” என்றாள் வேலம்மா. “நான் போயிட்டு வாரேன். நீ வீட்டப் பாத்துக்க.”

“விக்கவா?”

“குடுன்னேன்.”

வடிவு கொடுத்தாள்.

“தண்ணி கேட்டு வாரவங்களுக்குத் தண்ணி குடு. வேற வேலை ஒண்ணும் கிடையாது.”

வேலம்மா உள்ளே போய்க் குடத்திலிருந்து ஒரு செம்பு தண்ணீர் மொண்டு குடித்தாள். பையை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

அப்போது காலை பத்து மணி.

பதினொரு மணிக்கு வடிவு நினைத்தாள், இந்நேரம் பஸ் ஏறியிருப்பாள். பன்னிரண்டு மணிக்கு, கடைக்குள் போயிருப்பாள்.

ஒரு மணிக்கு, விற்றாச்சு.

விற்றாச்சு என்று நினைத்ததும் எழுந்தாள். கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். அது போதாது என்று தோன்றியது. அம்மிக்கல்லை இழுத்து வந்து கதவுக்கு முட்டுக் கொடுத்தாள். மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

தாகமாக இருந்தது. குடம் ஜன்னல் பக்கம் இருந்தது. அங்கே போனால் வெளியிலிருந்து ஆள் தெரியும். அவள் போகவில்லை.

ரோட்டில் ஒரு பைக் சத்தம். நெருங்கியது. வீட்டைத் தாண்டிப் போனது. திரும்பி வருமோ என்று வெகுநேரம் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள்.

மூன்றரை மணிக்குக் காலடி.

“வீட்டுல யாரு?”

ஆண் குரல்.

“குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்க, தாயி.”

குரலை மாற்றிப் பேசுகிறான் என்று நினைத்தாள். தன் மூச்சே தன்னைக் காட்டிக் கொடுத்துவிடும் என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

கதவில் இரண்டு தட்டு. பிறகு ஒன்று. பிறகு இருமல்.

காலடி விலகியது. வடிவு ஊர்ந்து போய்க் கதவிடுக்கில் கண்ணை வைத்தாள். வளைந்த முதுகு. ஊன்றிய கம்பு. எழுபது வயதுக்குக் குறையாது.

ராஜதுரைக்கு நாற்பதுதான்.

வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் கதவைத் திறந்து அவரைக் கூப்பிட அவளுக்குத் தைரியம் வரவில்லை.

“நான்தான். திற” என்று வேலம்மாவின் குரல் கேட்டது.

கல்லை நகர்த்த நேரமானது. உள்ளே வந்த வேலம்மா அம்மியைப் பார்த்தாள்.

“மசால் அரைச்சியா?”

“வித்துட்டீங்களா?”

“அந்தப் பெரியவர் தாகத்தோட போய் பஸ் ஸ்டாப்புல உக்காந்திருக்கார். தண்ணி கொண்டு போய்க் குடு.”

“வித்துட்டீங்களான்னு கேட்டேன்.”

“முதல்ல மொண்டு எடு.”

வடிவு செம்பைக் குடத்துக்குள் விட்டாள். அடியில் எதுவோ தட்டியது. கையை விட்டுத் துழாவி எடுத்தாள்.

மோதிரம்.

“விக்கலையா?”

“உன் மோதிரத்த நான் எப்பிடி விக்க?”

“பின்ன இவ்வளவு நேரம் எங்க இருந்தீங்க?”

“எதிர் மேட்டுல, புளியமரத்தடியில. இந்த வாசலத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்.”

“அவன் வந்திருந்தா?”

“கத்தியிருப்பேன். ரோட்டுல போற பஸ்ஸே நிக்கும், எனக்குத் தொண்டை அப்படி.”

வடிவு ஈரக்கையில் இருந்த மோதிரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். காலையிலிருந்து அது பத்தடி தள்ளி இந்தக் குடத்துக்குள்தான் கிடந்திருக்கிறது.

“பெரியவர் போயிரப் போறார்” என்றாள் வேலம்மா.

செம்பு ஒரு கையில். மோதிரம் மறு கையில். ரோட்டில் ஏறியதும் தூரத்தில் ஒரு பைக் சத்தம் கேட்டது. கால் நின்றுவிட்டது. பிறகு நடந்தாள்.

பெரியவர் அண்ணாந்து ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தார்.

“நல்லாயிரு தாயி. வீட்டுல ஆள் இல்லன்னு நெனச்சேன்.”

“இருந்தேன்” என்றாள் வடிவு.

டவுன் பஸ் வந்தது. பெண்களுக்கு டிக்கெட் இல்லாத பஸ். பெரியவர் ஏறினார். வடிவு வேலம்மாவின் வீட்டை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். காலிச் செம்போடு அவளும் ஏறிவிட்டாள்.

அதே கடை. அதே கடைக்காரர். பூதக்கண்ணாடியை வைத்து மோதிரத்தின் உள்பக்கம் பார்த்தார்.

“ராஜதுரைன்னு போட்டிருக்கே. யாரும்மா அது?”

அந்த நேரம் பார்த்துக் கடை வாசலில் ஒரு பைக் வந்து நின்றது.

வடிவு திரும்பிப் பார்க்கவில்லை. செம்பைக் கண்ணாடி மேஜைமேல் வைத்தாள்.

“காலையிலருந்து ஒரு வாய் தண்ணி குடிக்கலண்ணே. இதுல கொஞ்சம் ஊத்துங்க, குடிச்சுட்டுச் சொல்லுதேன். நீங்க அதுக்குள்ள அடுப்பப் பத்த வைங்க.”