நான்காவது நம்பர்

பவளம் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். மடியில் முறம், முறத்தில் தோல், தோளில் தூங்கும் ஆறு மாதப் பிள்ளை. கை வேலையில் இருந்தாலும் காது முன்கூடத்தில் இருந்தது. பூண்டு கிடக்கட்டும், வாருங்கள், நாமும் முன்கூடத்துக்கே போவோம்.

குன்னூரில் ஓய்வுபெற்ற மேஜர் கனகசபாபதியின் பங்களா அது. அவருடைய அப்பா பர்மா சண்டையில் தூக்கிச் சுமந்த ரைபிள் அந்தக் கூடத்துச் சுவரில் தொங்கியது. தோட்டாவை வெடிக்க வைக்கும் ஊசியைக் கழற்றியாகிவிட்டது, இனிச் சுடாது. அதை வாங்கிக் கண்ணாடிக்குள் வைத்து, கீழே அப்பாவின் பெயரை எழுத, ராணுவ அருங்காட்சியகத்திலிருந்து தாமோதரன் என்பவர் வந்திருந்தார். வீட்டில் பவளம் சமையலுக்கும் துடைப்பதற்கும் இருக்கிறவள். ஐந்தாவது வரை படித்தவள். யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டாலே முந்தானையை இழுத்து விட்டுக்கொள்வாள்.

"அசல் துப்பாக்கின்னா நாலு இடத்துல ஒரே நம்பர் இருக்கணும் சார்" என்றார் தாமோதரன். ஒவ்வொன்றாகப் பார்த்தார். இரும்பு உடம்பில் 4173. குறி பார்க்கும் தகட்டின் அடியில் 4173. குழல் முனைக்குக் கீழே கட்டையில் 4173. கடைசியாகத் தோட்டாவைத் தள்ளும் போல்ட்டை உருவி, கைப்பிடியைத் திருப்பினார். 6208.

"இது வேற துப்பாக்கியோடது சார். ஒட்டுப்போட்டதை நாங்க எடுக்கிறதில்லை. எதுக்கும் மேலிடத்துல ஒரு வார்த்தை கேட்டுடறேன்." போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

பவளத்தின் விரலில் பூண்டு நின்றுவிட்டது.

போன ஆயுதபூஜை. அப்போது வீட்டில் ஒரே மாதிரி இரண்டு ரைபிள். வருஷா வருஷம் பூஜைக்கு முதல் நாள் கடைவீதியில் துப்பாக்கி ரிப்பேர் கடை வைத்திருக்கும் சவரிமுத்து வந்து, எண்ணெய் போட்டுத் துடைத்து, போல்ட்டுகளைக் கழற்றி அந்தந்தத் துப்பாக்கிக்கு முன்னால் வாழையிலையில் வைப்பார். பூஜை முடிந்த மறுநாள் வந்து அவரே மாட்டுவார். "நான் வர்ற வரைக்கும் யாரும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போவார். சந்தனமும் குங்குமமும் வைத்தது பவளம். எங்கே வைப்பது என்று தெரியாமல், கைப்பிடியில் எண் வெட்டியிருந்த இடத்திலேயே பொட்டை அப்பினாள். பூஜை முடிந்து பெருக்க வந்தபோது இலையை இழுத்தாள், இரண்டு போல்ட்டும் உருண்டு ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டன. எது எதனுடையது? மாட்டிப் பார்த்தாள். வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. பொருந்தினால் சரிதானே என்று விட்டுவிட்டாள். மறுநாள் சவரிமுத்து வந்து, "அட, மாட்டிட்டீங்களா?" என்று கேட்டபோது அவள் கதவுக்குப் பின்னால் நின்றாள். அவரும் நம்பரைப் பார்க்காமல் காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். இன்னொரு ரைபிளைத் தை மாதம் மேஜர் முறைப்படி எழுதி பெங்களூர் நண்பருக்குக் கொடுத்துவிட்டார்.

இன்றைக்கு, பிரித்துக் காட்டுவதற்காகச் சவரிமுத்துவும் வந்திருந்தார். மேஜர் அவரிடம் திரும்பினார்.

"அசல் போல்ட்டை எவன்கிட்ட வித்த?"

சவரிமுத்து போல்ட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். எண்ணின் பள்ளத்தில் காய்ந்த சிவப்பு. சமையலறை வாசலைப் பார்த்தார். பிள்ளையும் கையுமாகப் பவளம். கட்டை விரலால் அந்தச் சிவப்பைத் தேய்த்து எடுத்தார்.

"என் வேலைதானுங்க ஐயா. மாட்டறப்ப கை மாறிப்போச்சு. இதோடது பெங்களூர்ல இருக்கும். கேட்டா வந்துடும்."

"கை மாறிச்சா, காசு மாறிச்சா? உனக்குக் குடுத்ததும் ஒட்டுதான்னு பெங்களூர்க்காரன்கிட்ட எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுச் சொல்லுவேன்?" மேஜர் குரலைத் தணித்தார். "அந்த ஆள் வர்றதுக்குள்ள அரத்தை எடு. இந்த நம்பரைத் தேய்ச்சுட்டு 4173 அடி."

"அது மட்டும் மாட்டேனுங்க. வாயில சொன்ன பொய் நம்மளோட போயிடும். இரும்புல அடிச்சது நூறு வருஷம் நிக்குமுங்க."

"அப்போ நீ திருடன்னு ஊர் பூரா சொல்லுவேன். உன் கடையில எவன் துப்பாக்கி குடுக்கிறான்னு பாக்கறேன்."

சவரிமுத்து பையைக் கட்டிக்கொண்டார். பின்வாசல் வழியாகப் போகிறவர் பவளத்தின் அருகே நின்றார். "பிள்ளைக்குச் சளி இன்னும் விடலையா தாயி? கற்பூரவல்லிச் சாறு குடு." அவ்வளவுதான். அவள் முகத்தை முறத்துக்குள் வைத்துக்கொண்டாள். மேலிடத்திலும் வேண்டாம் என்றுவிட, தாமோதரன் துப்பாக்கியை எடுக்காமலே கிளம்பினார். ஒரு வாரமாகக் கடைவீதியில் சவரிமுத்துவின் கடைக்கு யாரும் வரவில்லை என்று பால்காரர் சொன்னார்.

கேட்டவர்களே, இப்போது சொல்லுங்கள். செய்யாததைச் செய்தேன் என்ற சவரிமுத்து, பொய் நம்பர் அடிக்கச் சொன்ன மேஜர், செய்துவிட்டு வாயைத் திறக்காத பவளம். இந்த மூன்று பேரில் அதிகம் வெட்கப்பட வேண்டியவர் யார்?

விடை: சவரிமுத்து இல்லை. நம்பரைப் பார்க்காமல் போனது அவர் தப்பு, ஆகையால் அவர் சொன்னதில் பாதி நிஜம். மீதிப் பாதியில் அடி வாங்கினவரும் அவர்தான். மேஜர் கேட்டது கேவலம், ஒருவர் பெயரைக் கெடுத்தது அதைவிடக் கேவலம். ஆனால் அவருக்கு உண்மை தெரியாது. தெரிந்தவள் ஒருத்திதான். அவள் பேசாமல் இருக்கிற ஒவ்வொரு நாளும் அந்தத் தப்பைப் புதிதாகச் செய்கிறாள். ஆக, பவளம். இந்த விடை நமக்கு முன்னால் அவளுக்குத் தெரியும். அதனால்தான் பால்காரர் சொன்னதற்கு மறுநாள் காலை மேஜரின் அறை வாசலில் போய் நின்றாள். முந்தானையை இழுத்து விட்டுக்கொள்ளவில்லை. "ஐயா, போல்ட்டை மாத்திப் போட்டது சவரிமுத்து அண்ணன் இல்லீங்க" என்றாள். மேஜர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார். "பவளம்! எங்கடி போனே? அடுப்புல பால் பொங்குது, ஓடியா!" என்று உள்ளேயிருந்து மேஜர் மனைவியின் குரல். அவள் கதவு நிலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "பூஜை அன்னைக்கு நான்தானுங்க அந்த இலைய இழுத்து, போல்ட்டை மாத்தி மாட்டிட்டேன்."