ஆவுடையப்பரின் ஊஞ்சல் பலகை

பொருநைக் கரையில் அறம்வளர்த்தாள் அம்மையாரின் மடம் இருந்தது. காவி பெறுகிறவர் விடியலில் ஆற்றில் முழுகி, ஈரம் சொட்ட அம்மையார்முன் வந்து நிற்பது அங்கு வழக்கம்.

ஆவுடையப்பர் அம்மையாரைவிட வயதில் மூத்தவர். நெல் வியாபாரம் செய்தவர். மனைவி இறந்தபின் அம்மையாரிடம் சீடராகச் சேர்ந்தார். ஐப்பசி மழையில் ஒருநாள், ஊரிலிருந்த வீட்டைக் காலி செய்துவிட்டு, ஒரு பலாப் பலகையை வண்டியில் ஏற்றிக்கொண்டு மடத்துக்குத் திரும்பினார். அது ஊஞ்சல் பலகை. மனைவி இறந்த மறுநாளே அதைச் சங்கிலியிலிருந்து கழற்றிக் கொல்லையில் போட்டிருந்தார். மழையில் ஊறிக் கனத்திருந்தது.

“இதை அறுத்து, தாங்கள் நூல் வைத்து ஓத ஒரு சாய்வுமேசை செய்துவிடுகிறேன். வீட்டில் மிஞ்சியது இதுதான். இதுவும் உருமாறிவிட்டால் எனக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. தைப்பூசத்தன்று காவி தாருங்கள், அம்மா.”

“ஈரப் பலகையில் மேசை செய்தால் பொருத்துகள் விலகும். முதலில் காயட்டும்.”

“தைக்குள் காய்ந்துவிடுமா?”

“மரத்துக்குப் பஞ்சாங்கம் தெரியாது.”

மழை விட்டதும் அவர் பலகையை முற்றத்து வெயிலில் கிடத்தி, நெல்லைப் போலப் புரட்டிக்கொண்டே இருந்தார். மாலையில் அதன் ஒரு முனையில் மயிரிழைபோல் ஒரு வெடிப்பு ஓடியிருந்தது.

“மலைமலையாய் நெல் காயவைத்த கை இது, அம்மா,” என்றார் மனத்தாங்கலுடன்.

“நெல் குத்துப்படப் போவது. இது முழுதாக இருக்க வேண்டியது. மேலே காய்ந்து சுருங்கிவிட்டது. உள்ளே ஈரம் அப்படியே இருக்கிறது. அதனால் பிளந்தது. நிழலுக்கு எடுத்துவாரும்.”

காற்றோடும் கூடத்தில், மரச்சட்டங்களின்மேல் பலகையைப் படுக்கவைத்தார்கள். முனைகளில் தேன்மெழுகு பூசினார்கள். காலைதோறும் அதைத் திருப்பிப் போடுவது ஆவுடையப்பரின் வேலையாயிற்று.

“இன்று என்ன கண்டீர்?” என்று அம்மையார் கேட்பார்.

“ஈரம், அம்மா. வேறொன்றும் இல்லை.”

கார்த்திகையில் ஒருநாள், “ஓரத்தில் சுண்ணாம்புக் கறை,” என்றார்.

“யார் கை?”

“வீட்டில்.” மனைவியை அவர் அப்படித்தான் குறிப்பிடுவார். “வெற்றிலை மடித்துவிட்டு விரலை அங்கேதான் துடைப்பாள். எவ்வளவு சொன்னாலும் கேட்க மாட்டாள்.”

மார்கழியில், கேட்காமலே சொன்னார்.

“இடப்பக்கம் சற்றுத் தேய்ந்திருக்கிறது. அவள் பக்கம். காலால் உந்துவதெல்லாம் அவள்தான். நான் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ‘நீங்க சும்மா பாரந்தான்’ என்பாள்.”

அம்மையார் சிரித்தார். ஆவுடையப்பரும் சிரித்துவிட்டு, மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

தைப்பூசம் வந்து போயிற்று. அவர் காவியைப் பற்றிக் கேட்கவில்லை.

பங்குனியில் அம்மையார் பலகையை விரல்முட்டியால் தட்டினார். கணீரென்றது.

“காய்ந்துவிட்டது. அறுக்கலாம்.”

ஆவுடையப்பர் கோடு போட்டார். கோடு சுண்ணாம்புக் கறையின் குறுக்கே போயிற்று. ரம்பத்தை எடுத்தவர் அப்படியே நின்றார்.

“அம்மா, துறவிக்கு ஊஞ்சல் ஆகுமா?”

“ஆகாது. மடத்துக்கு வருகிறவர்களுக்கு ஆகும். வெயிலில் நடந்து வருகிறார்கள்.”

“இதை அறுக்க எனக்குக் கை வரவில்லை. காவி கேட்கும் தகுதி எனக்கு இல்லை.”

“யாருடைய ஊஞ்சல் என்று அவர்கள் கேட்டால் என்ன சொல்வது?”

அவர் ரம்பத்தைத் தாழ்த்தி, சுண்ணாம்புக் கறையை விரலால் தடவினார். மடத்துக்கு வந்த நாள்முதல் அவர் வாயில் வராத பெயர் அது.

“வடிவு,” என்றார். “வடிவுடைய ஊஞ்சல்.”

அம்மையார் அவர் கையிலிருந்து ரம்பத்தை வாங்கிக்கொண்டார்.

“கூடத்தில் சங்கிலி போட்டு, பலகையை இன்றே மாட்டிவிடும். நாளை விடியலில் ஆற்றில் முழுகிவிட்டு வாரும்.”