பழைய பாஸ்வேர்டுக்காரர்

"கதவுக்குப் பூட்டு காவல், பூட்டுக்கு..." என்று எங்கள் பெரியப்பா ஒன்று சொல்வார். மீதி மறந்துவிட்டது. ஊசிப்புளியம்பட்டிக்காரர்களுக்கு முதல் பாதியே மண்டையில் ஏறவில்லை என்பதால் பெரிய நஷ்டம் இல்லை.

அந்த ஊர் விவசாயிகள் சங்கத்து விதைக் கிடங்குக்குக் கம்ப்யூட்டர் பூட்டு போட்டார்கள். அதை இயக்கும் மென்பொருளுக்குக் 'காவலன்' என்று பெயர். முதல் பதிப்பில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று அழுத்தினால் கதவு திறக்கும். யாரும் மறந்துவிடக் கூடாதே என்று அதைக் கதவிலேயே பெயின்டில் எழுதி வைத்தார்கள்.

இரண்டாம் பதிப்பு வந்தது. கூடவே கம்பெனியின் குறிப்பு: "பழைய பாஸ்வேர்டு பலவீனமானது. இப்போதைக்குச் செல்லும். ஆனால் பயன்படுத்துகிறவரை எச்சரிக்கவும்."

எச்சரிப்பதற்கென்றே அய்யாவு என்பவரைச் சம்பளத்துக்கு வைத்தார்கள்.

ஒரு மத்தியானம் பக்கத்து ஊர்த் திருடன் வந்து, கதவில் இருந்ததைப் படித்து, அப்படியே அழுத்தினான்.

"அண்ணே, இது பழைய பாஸ்வேர்டு. பலவீனமானது," என்றார் அய்யாவு.

"அப்படிங்களா. சொன்னது நல்லதாப் போச்சு. இந்த மூட்டைக்கு ஒரு கை குடுங்க."

கொடுத்தார். அதன்பின் வாரம் தவறாமல் எச்சரித்தார். வாரம் தவறாமல் ஒரு மூட்டை போனது.

மூன்றாம் பதிப்பின் குறிப்பு கண்டிப்பாக இருந்தது: "எல்லோரும் புது பாஸ்வேர்டுக்கு மாறவும். அது யாருக்கும் தெரியாததாக இருக்க வேண்டும். மாறியவர்கள் பழையதை மறுபடி பயன்படுத்தக் கூடாது. மாறாதவர்களுக்கு மட்டும் பழையது செல்லும்."

தலைவர் நல்லமுத்துவும் செயலாளர் செங்கோடனும் உட்கார்ந்து யோசித்தார்கள். டீ வந்தது, போண்டா வந்தது, அறிவு மட்டும் வரவில்லை. செங்கோடன் பட்டம் வாங்கியவர். நிலைமை மோசமானதற்கு அதுவும் ஒரு காரணம்.

"யாருக்கும்னா, நமக்கும்தானே தலைவரே?"

"பின்னே? நாம என்ன மாடா?"

தலைவர் கண்ணைக் கட்டிக்கொண்டு, விரல் போன போக்கில் அழுத்தினார். செயலாளர் திரும்பி நின்றார். பொத்தான் சத்தம்கூடக் கேட்கக் கூடாதென்று அய்யாவு தகர டப்பாவைத் தட்டினார். சங்கமே புதியதற்கு மாறிவிட்டது.

ஆடி மழை பெய்தது. உழுத மண்ணில் ஈரம் நின்றது. விதையெல்லாம் உள்ளே. இரண்டு வெயில் காய்ந்தால் ஊருக்கு அந்த வருஷப் பிழைப்பு போச்சு. தலைவருக்கே ஆறு ஏக்கர்.

"பழைய நம்பரை அமுக்கிப் பாத்தா என்ன? கதவுலயே இருக்கு," என்றார் செங்கோடன்.

"நாம மாறினவங்க. மாறினவன் தொடக் கூடாதுன்னு போட்டிருக்கான். நீயெல்லாம் படிச்சவன்."

"அப்ப உடைச்சிரலாமா?"

"உடைக்கச் சொல்லி எந்தப் பதிப்புல இருக்கு?"

செங்கோடன் குறிப்புகளை மறுபடி படித்தார். எதிலும் இல்லை.

அய்யாவு தொண்டையைக் கனைத்தார். "மாறாத ஆளு ஒருத்தர் இருக்காருங்க. எவ்வளவோ எச்சரிச்சேன். இன்னும் பழசுலயேதான் இருக்கார்."

"நம்ம உறுப்பினரா?"

"இல்லீங்க. திருடர்."

தலைவர் அய்யாவு பக்கம் திரும்பினார். "ஏன்யா, எச்சரிச்சு எச்சரிச்சு அவரையும் மாத்தியிருந்தீன்னா இன்னிக்கு நம்ம கதி என்ன?"

"தப்புதாங்க," என்றார் அய்யாவு.

"எப்ப வருவார்?"

"வெள்ளிக்கிழமைங்க."

"அதுக்குள்ள ஈரம் காஞ்சிடுமே," என்றார் செங்கோடன்.

திருடரைச் சங்கத்து டிராக்டரிலேயே போய்க் கையோடு அழைத்து வருவது என்றும், வழியில் யாரும் அவரை எச்சரிக்கக் கூடாது என்றும் தலைவர் முடிவு செய்தார்.