முதல் கைதட்டல்

கருங்காவயல் ஜமீன் சபையில் தர்க்கசிம்மம் அம்பலக்கூத்தர் காலையிலிருந்து பேசிக்கொண்டிருந்தார். அந்தப் பட்டம் எப்படி வந்தது என்று யாருக்கும் தெரியாது. இந்தப் பிரபஞ்சம் தானாகவே தொடங்கியது, அதற்குக் காரணம் எதுவும் வேண்டியதில்லை என்பது அவர் கட்சி. கேட்டவர்களுக்கோ கால் மரத்துப்போயிற்று. பிரபஞ்சம் எப்படித் தொடங்கியிருந்தாலும் சரி, பந்தி தொடங்கினால் போதும் என்றிருந்தது. பண்டிதர் தண்ணீர் குடிக்க நிறுத்தியதும் எங்கோ ஒரு கைதட்டல் கேட்டது. பேச்சு முடிந்ததென்று நினைத்துச் சபையே தட்டிவிட்டு எழுந்துவிட்டது.

"பாதிதானே சொன்னேன்! முதலில் தட்டியவன் யார்?" என்று கத்திய பண்டிதர், ஜமீன்தாருக்கு விசிறி வீசும் கொம்பையாவைப் பிடித்துக்கொண்டார். "நின்றுகொண்டிருந்தவன் நீ ஒருவன்தான். பார்த்திருப்பாய். சொல், இல்லையென்றால் இன்றோடு உன் வேலை போச்சு!"

கொம்பையா பார்த்துத்தான் இருந்தான். முதலில் தட்டியவர் ஜமீன்தார், சால்வை மறைவில். அவர் இப்போது கூரையை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"யாரும் தட்டலீங்க சாமி. அது தானா தொடங்கிச்சு."

"முட்டாளே! காரணமில்லாமல் ஒரு சத்தம் தொடங்குமா?"

"இம்புட்டுப் பெரிய பிரபஞ்சமே தொடங்கிச்சுன்னு சாமிதானே காலையிலேருந்து சொல்றீங்க. ஒரு கைதட்டல் தொடங்காதா?"

தொடங்கும் என்றால் குற்றவாளியே இல்லை. தொடங்காது என்றால் காலையிலிருந்து பேசியதெல்லாம் வீண்.

ஜமீன்தார் தம் சால்வையை எடுத்துக் கொம்பையாவின் தோளில் போர்த்தினார்.

"விசிறிக்காரனுக்குச் சால்வையா? என்ன காரணம் பிரபு?" என்றார் பண்டிதர்.

"காரணமா? ஒன்றுமில்லையே, பண்டிதரே," என்றார் ஜமீன்தார். "தானாகத் தோன்றியது."