கோட்டைக் கதவைத் திறந்தவள்

பூங்கோதை எழுதிய முதல் நாடகம் மாரியம்மன் திருவிழாவில் மூன்று நாள் நடப்பதாக இருந்தது. முதல் நாளே கூட்டம் எழுந்து ராட்டினம் பார்க்கப் போய்விட்டது. இரண்டாம் நாளும் இப்படியே ஆனால் மேடையைச் சிலம்பாட்டத்துக்குக் கொடுத்துவிடுவோம் என்று ஊர்த்தலைவர் சொல்லி அனுப்பினார்.

அவள் நல்லமுத்து வாத்தியாரிடம் போனாள். அவரிடம் நடிப்புப் படித்து, அவர் குழுவிலேயே பாடி, தலை நரைக்கத் தொடங்கியவள். வாத்தியார் முறுக்கு தின்றுகொண்டிருந்தார்.

அவள் கதையைச் சொன்னாள். பகைவர் கோட்டையைச் சூழ்ந்திருக்கிறார்கள். வெளியே மாட்டிக்கொண்டு பசியில் அழும் பிள்ளைகளுக்காக யாரோ கதவைத் திறந்துவிடுகிறார்கள். திறந்தவர் தலையைத் தன் கையாலேயே எடுப்பதாக ராசா சபையில் சத்தியம் செய்கிறான். திறந்தது அவன் மகள்தான் என்பது கடைசிக் காட்சியில் தெரியவருகிறது.

"அந்த இடத்துல ஊரே பதறும்னு நினைச்சேன், வாத்தியாரே. அதுக்காகத்தான் கடைசி வரைக்கும் மூடி வச்சேன். கட்டியக்காரன்கூட கதையைப் பத்தி மூச்சு விடக் கூடாதுன்னுட்டேன்."

கட்டியக்காரன் என்பவன் திரைக்கு முன்னால் முதலில் வரும் கோமாளி. நடக்கப்போகும் கதையைச் சபைக்குச் சொல்வது அவன் வழக்கம். பூங்கோதை அவனுக்கு ராசாவைப் புகழும் பாட்டு ஒன்றை மட்டும் விட்டுவைத்திருந்தாள்.

"கடைசிக் காட்சியில யாரெல்லாம் இருந்தாங்க?"

"சோடாக்காரரும் ரெண்டு நாயும்."

வாத்தியார் முறுக்கைக் கீழே வைத்தார்.

"இன்னிக்குக் கட்டியக்காரன் வேஷம் எனக்கு."

அவளுக்கு உயிர் வந்தது. வாத்தியார் சிரிக்க வைத்தால் கூட்டம் உட்கார்ந்துவிடும்.

விளக்கு வைக்கும் நேரத்தில் வாத்தியார் கூம்புத் தொப்பியுடன் வந்தார். முன்வரிசையில் கடலை கொறித்துக்கொண்டிருந்த வளையல்காரி செவந்தியிடம் ஒரு கை கேட்டார். கடிக்கப் பல் இருக்கா என்று அவள் கேட்க, திடலே சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் அவர் குரலைத் தாழ்த்தினார்.

"ஒரு சேதி. கோட்டைக் கதவைத் திறந்தது ராசா பெத்த பொண்ணு. ராசாவுக்குத் தெரியாது. நீங்களும் சொல்லிடாதீங்க."

திரைக்குப் பின்னால் பூங்கோதை பந்தல் மூங்கிலைப் பிடித்துக்கொண்டாள். மத்தளத்தை ஓங்கி அடிக்கச் சொல்லி ஜாடை காட்டினாள். அதற்குள் எல்லாம் சொல்லியாகிவிட்டது.

திரை விலகியது. மகள் வெற்றிலை மடித்துத் தந்தாள். ராசா வாங்கிக்கொண்டான்.

"கண்ணே, உன் கையால் வெற்றிலை வாங்கும்வரை எனக்குத் துரோகம் செய்ய யாரால் முடியும்?"

நேற்று இந்த வசனத்தின்போது ஒருவர் கலர் சோடா கேட்டுக் கத்திக்கொண்டிருந்தார். இன்று ஒருவரும் பேசவில்லை. ஏதோ கேட்க வந்த குழந்தையின் வாயைத் தாய் பொத்தினாள். ஆள் ஏறாத ராட்டினத்தை நிறுத்திவிட்டு ராட்டினக்காரரும் வந்து நின்றார்.

ராசா வாளை உருவினான். செவந்தி எழுந்துவிட்டாள்.

"ராசா, சத்தியம் பண்ணாதே. உன் பொண்ணு முகத்தைப் பாரு."

அவளுக்குப் பின்னால் நாலைந்து பேர் எழுந்தார்கள். பாரு, பாரு என்று திடல் முழுக்கக் குரல். பூங்கோதை திரையோரம் வந்து எட்டிப் பார்த்தாள். தான் எழுதிய சத்தியம்தான். ஆனாலும் பண்ணாதே என்று அவள் உதடும் முணுமுணுத்தது.

ராசா திரும்பவில்லை. வாளின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தான்.

கடைசிக் காட்சி முடிந்தும் கூட்டம் எழுந்திருக்கவில்லை. ஊர்த்தலைவர் துண்டால் கண்ணைத் துடைத்தபடி வந்து, நாளைக்கும் மேடை உங்களுக்குத்தான் என்றார். அவருக்குப் பின்னாலேயே வந்த செவந்தி, கிரீடத்தைக் கழற்றிக்கொண்டிருந்த ராசா வேஷக்காரரைப் பிடித்துக்கொண்டாள்.

"தொண்டை கிழியக் கத்தினேனே, காதுல என்ன பஞ்சா வச்சிருக்க? நாளைக்கும் வருவேன். நாளைக்காவது திரும்பிப் பாரு."

அவள் வளையல் கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள். பூங்கோதை சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள்.

"அவளுக்குத்தான் எல்லாம் தெரிஞ்சுபோச்சே, வாத்தியாரே. நாளைக்கு எதுக்கு வர்றா?"

வாத்தியார் தேங்காய் எண்ணெய் தொட்டு முகத்து அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ராசாவுக்கு இன்னும் தெரியலையே, கோதை."